நாலாம் நம்பர் பொத்தான்கள்

பாறைமேட்டில் போன விரல்கள் திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு, நஞ்சப்பன் பேக்கரியில், முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்த நேரத்தில். பார்த்தவர்கள் யாரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை; ஒருவர் மட்டும் சர்க்கரை கம்மியாக இருக்கிறது என்றார். கோயம்புத்தூருக்கு வடக்கே, பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் தகடு அடித்துக் கொடுத்தே பிழைக்கிற ஊர் பாறைமேடு. நடுவில் தகட்டுக் கம்பெனி, கம்பெனிக்குள் ஆறு பிரஸ் மெஷின்கள், அவற்றைச் சுற்றி வீடுகள், வீடுகளுக்குள் விரல் குறைந்த மனிதர்கள். அந்த ஊரில் ஒருவரை அடையாளம் சொல்ல நிறத்தையும் உயரத்தையும் யாரும் இழுப்பதில்லை. மோதிரவிரல் இல்லாத பழனிச்சாமி, இடது கையில் ரெண்டு போன சரசு என்று சொன்னால் போதும், தபால்காரர் சரியான வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்.

பத்து விரலும் முழுதாக இருந்த சிலரில் மருதாசலம் ஒருவன். கம்பெனியில் எலக்ட்ரீஷியன். மெஷின் நின்றுபோனால்தான் அவனுக்கு மெஷினிடம் வேலை, ஓடும்போது இல்லை. அதனால் தப்பித்தான். அவன் மனைவி ரங்கநாயகி தப்பிக்கவில்லை. நாலாம் நம்பர் பிரஸ், வலது கையில் நடுவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை மூன்றையும், ஆடி நோம்பிப் பண்டிகை முடிந்த மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டது.

எடுத்துக்கொண்டது என்று ஊரில் சொல்வார்கள், ஏதோ மெஷினுக்குப் பசி வந்ததுபோல. மெஷினுக்குப் பசியுமில்லை ஒன்றுமில்லை. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஆதியில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு சிவப்புப் பொத்தான்கள் இருந்தன, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேலே இருக்கிற டை என்கிற இரும்பு அச்சு இறங்கும். கை பொத்தான்மேல் இருக்கும்வரை டைக்குக் கீழே இருக்க முடியாது அல்லவா, அவ்வளவுதான் அந்தப் பொத்தானின் தத்துவம். ஆனால் இரண்டு கையும் பொத்தானுக்கே போய்விட்டால் தகட்டை எடுத்து வைக்க நேரமாகிறது என்று சூப்பர்வைசர் சுந்தரமூர்த்தி ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை மருதாசலத்தைக் கூப்பிட்டனுப்பி, பன்னிரண்டு பொத்தானையும் கழற்றிவிட்டுக் காலால் மிதிக்கிற பெடல் வைக்கச் சொன்னார். மருதாசலம் கழற்றினான். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. பழைய இரும்பில் போட்டுவிடு என்றார்கள். அதற்கு மட்டும் மனசு வராமல் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினான். வெளியூரிலிருந்து யாரோ ஆள் வந்து கழற்றிப் போனான் என்று மனைவியிடம் சொன்னான். அதற்கப்புறம் கைகள் சும்மா இருந்தன. சும்மா இருக்கிற கை வேலை இருக்கிற இடத்துக்குப் போகும், போயிற்று.

இது இப்படியிருக்க, நஞ்சப்பன் ஊட்டியில் மூடிப்போன ஒரு ஓட்டலின் சாமான்களை ஏலம் எடுக்கப் போய், நாற்காலிகள் கைவிட்டுப் போனதில் ரோஷம் வந்து, ஆள் உயர வீடியோ கேம் பொட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு டாடா ஏஸில் ஏற்றி வந்தார். முப்பது முப்பத்தைந்து வருஷத்துப் பொட்டி. கரண்ட் கொடுத்தால் திரை எரிந்தது, ஒரு சின்னக் கப்பல் கறுப்பு வானத்தில் தனியாக மிதந்தது, மேலேயிருந்து கற்கள் விழுந்தன, கப்பல் அடிபட்டுச் செத்தது, மறுபடி பிறந்தது. அதைக் காப்பாற்றத்தான் வழியில்லை. கை வைக்கிற பலகை ஊட்டிக் குளிரில் ஊறி இற்றுப்போய், குச்சியும் இல்லை பொத்தானும் இல்லை, ஒயர்கள் மட்டும் வெளியே தொங்கின. நஞ்சப்பன் மருதாசலத்தைக் கூப்பிட்டு, புதுசாக ஒரு பலகை செய்து பூட்டிக் கொடு, பப்ஸ் வாங்குகிறவன் நாலு பேர் கூட நிற்பான் என்றார்.

மருதாசலம் அந்த வேலையை ஆசையாகத்தான் எடுத்தான். பழைய பலகையின் ஓரத்தை அட்டையில் வரைந்து வெட்டிப் பொட்டியின் வாயில் வைத்துப் பார்த்து, முக்கால் இஞ்ச் பிளைவுட்டில் அதே அளவுக்கு அறுத்து, மேலே கறுப்பு மைக்கா ஒட்டினான். குச்சிக்கு லேத்தில் ஒரு கம்பி கடைந்து உருண்டை போட்டு, அதன் காலடியில் நான்கு திசைக்கும் நான்கு சின்ன ஸ்விட்ச் வைத்தான். சுடுவதற்கு ஒன்று, கல் நெருங்கினால் தப்பித் தாவ ஒன்று என்று இரண்டு பொத்தான் வேண்டும். கடைப் பொத்தானுக்கு டவுனுக்குப் போக வேண்டும், போகலாம்தான். ஆனால் கட்டிலுக்கு அடியிலே சாக்கு இருந்தது. அது அங்கே இருக்கும்வரை அவனுக்குத் தூக்கம் சரியில்லை. இரண்டையாவது ஊருக்கு நடுவில் குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் வைத்துவிட்டால் மனசு கொஞ்சம் லேசாகுமென்று நினைத்தான். சாக்கில் கை விட்டதும் அகப்பட்டது நாலாம் நம்பர் ஜோடி. பெயிண்டில் எழுதியிருந்த எண்ணை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அழித்தான்.

துளை போடுமுன் பொத்தான்களுக்கு இடைவெளி பார்க்க வேண்டியிருந்தது. தன் இரண்டு கைகளையும் அட்டைமேல் விரித்து வைத்து, பென்சிலால் ஒவ்வொரு விரலாகச் சுற்றி வரைந்தான். பத்து விரல், குறையில்லாமல். ரங்கநாயகி இடது கையால் காப்பி கொண்டுவந்து வைத்தவள் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாரு கைக்குங்க அளவெடுக்கறீங்க?" என்று கேட்டாள். "இந்த ஊருல இப்படி ஒரு கை இருக்குதுங்களா?"

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அட்டையை மாற்றவில்லை. அதே அளவில் துளை போட்டு, பழைய இரும்புக் கடையில் வாங்கினேன் என்று எல்லோருக்கும் சொல்லிப் பொத்தான்களைப் பூட்டி, ஒயர்களைப் பற்றவைத்து, நான்கு ஸ்குரு போட்டு முடுக்கினான்.

பலகையில் முதலில் கை வைத்தது டீ மாஸ்டர் செங்கோடன். பிரஸ்ஸில் வேலை பார்த்து ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விட்டுவிட்டு டீ ஆற்ற வந்தவர். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு சிவப்புப் பொத்தான்கள்மேல் வைத்தார், விரல் இரண்டும் இருந்தன. நடுவிரலில் காணாமல் போயிருந்த செம்பு மோதிரம்கூட இருந்தது. "வந்துருச்சுங்," என்றார், பஸ் வந்துவிட்டதைச் சொல்வதுபோல. கையை எடுத்தார், இல்லை. வைத்தார், இருந்தது. கூட்டத்தில் ஒருவர் அப்படியானால் நமக்கும் வருமா என்று கேட்டார். வரிசையில் வாங்க என்றார் நஞ்சப்பன். அதிசயம் அவ்வளவில் முடிந்து, வரிசை ஆரம்பித்தது.

அந்த வரிசை அப்புறம் கலையவே இல்லை. காலையில் முதல் ஷிப்டுக்காரர்கள், பத்து மணிக்கு மேல் பெண்கள், மதியம் ரெண்டாம் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் என்று தானாகவே ஒரு முறை ஏற்பட்டது. ஒரு ஆட்டம் முடியும்வரை ஒரு ஆள் என்பது சட்டம். ஆகவே கப்பல் எவ்வளவு நேரம் சாகாமல் இருக்கிறதோ அவ்வளவு நேரம் விரல் இருக்கும். இதனால் பாறைமேட்டில் அறுபது வயதுப் பெண்கள்கூட விழுகிற கல்லைப் பார்த்த மாத்திரத்தில் சுட்டுத் தள்ளப் பழகிவிட்டார்கள், சின்னப் பையன்கள் வெட்கப்பட்டு அந்தப் பக்கமே வருவதை விட்டார்கள். பழனிச்சாமி தன் விபத்துக்கு அப்புறம் பிறந்த பெண் குழந்தையைத் தூக்கி வந்து, அது அதுவரை பார்த்தேயிராத மோதிரவிரலைப் பிடித்துக்கொள்ள வைத்தான். குழந்தை விட மாட்டேனென்று அழுதது, அடுத்து நின்றவர் தன் முறையை அவனுக்கு விட்டுக்கொடுத்தார். ரேஷன் கடைக்காரர் ரேகை வைக்கிற மெஷினை வெள்ளிக்கிழமைதோறும் பேக்கரிக்கே கொண்டுவந்து பலகைமேல் வைத்து, கட்டைவிரல் போனவர்களுக்கெல்லாம் கட்டைவிரல் ரேகையிலேயே அரிசி போட்டார், மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. சாமியாடி ஒருவர் பொட்டிக்கு மாலை போட வந்தார். மாலை திரையை மறைக்கிறது என்று பெண்கள் விரட்டிவிட்டார்கள். பத்து விரல் உள்ளவர்கள் தள்ளி நிற்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் புரிந்த மரியாதை, அதனால் மருதாசலம் தான் செய்த பலகையில் ஒருநாளும் கை வைக்கவில்லை. வைக்க அவனுக்குப் பயமாகவும் இருந்தது. ஊர் அவனுக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டியது. தலை குனிந்து கட்டிக்கொண்டான்.

வந்த விரல்களில் ஒரு விசேஷம். போன அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே வந்தன. கிழவர்களின் கையில் இளம் விரல்கள் முளைத்துச் சம்பந்தமில்லாமல் நின்றன. ரங்கநாயகியின் மூன்று விரல்களிலும் அந்த ஆடி நோம்பிக்கு வைத்த மருதாணி இருந்தது. மற்ற விரல்களில் அது வெளுத்து வருஷம் பத்தாகிறது, இந்த மூன்றில் மட்டும் நேற்று வைத்ததுபோலச் சிவந்து கிடந்தது. அவள் ஆடவே மாட்டாள். கப்பலைச் சாக விட்டுவிட்டு மருதாணியைப் பார்ப்பாள், ஒரு நிமிஷத்தில் ஆட்டம் முடியும், போய்விடுவாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, அந்தப் பொத்தானைத் தொட்டால் கைக்கு அடையாளம் தெரிகிறது, இது நம்ம கம்பெனிப் பொத்தான் என்றாள். ஊரில் தொட்டவர்கள் எல்லோருக்கும்தான் தெரியும், யாரும் வாய் விட்டுச் சொல்லாததை அவள் சொன்னாள். பழைய இரும்புக் கடைக்கு எங்கேயிருந்தோ வந்திருக்கும் என்றான் மருதாசலம். அவள் மேலே கேட்கவில்லை.

அந்தத் தை மாதம் கம்பெனி ரங்கநாயகியின் தங்கை துளசிமணியை நாலாம் நம்பருக்கு மாற்றியது. தாய் தகப்பன் இல்லாததால் அக்கா வீட்டிலேயே வளர்ந்த பெண், இருபத்திரண்டு வயது, கை வேகம் என்று பெயர் எடுத்தவள். அந்த வேகத்துக்காகத்தான் மாற்றினார்கள். ரங்கநாயகி அன்றைக்கே உட்கார்ந்து, தொழிற்சாலைகளைச் சோதிக்கிற சர்க்கார் ஆபீசருக்கு இடது கையால் மனு எழுதினாள்: ஆறு பிரஸ்ஸிலும் இருந்த கைப் பொத்தான்களைக் கம்பெனி கழற்றிவிட்டது, மறுபடி பூட்ட வேண்டும், ஒரு ஜோடி நஞ்சப்பன் பேக்கரியிலேயே இருக்கிறது, வந்து பாருங்கள். எழுதியதைப் புருஷனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் நல்லது என்றான். அன்று ராத்திரி கட்டிலில் படுத்தபடி யோசித்தான். பொத்தான் எப்படி இருக்குமென்று காட்ட வேண்டுமானால் பேக்கரிப் பலகையைத் தொடவே வேண்டியதில்லை, சாக்கில் இன்னும் பத்து இருந்தன, எண் அழியாமல். எடுத்து மேஜைமேல் கொட்டினால் போதும். கொட்டினால், கழற்றிய கை யாருடையது என்பதும் கூடவே விழும்.

ஆபீசர் வருகிறார் என்று கடிதம் வந்த மறுநாள் சுந்தரமூர்த்தி பேக்கரிக்கு வந்தார். மிரட்டவில்லை, அவர் மிரட்டுகிற ஆளே இல்லை. தேங்காய் பன் ஒன்று சாப்பிட்டுவிட்டு, ஆபீசர் இந்தப் பொத்தான் கம்பெனியுடையது என்று எழுதிவிட்டால் பொட்டியைச் சாட்சிச் சாமானாகக் கோர்ட்டுக்குக் கொண்டு போய்விடுவார்கள், கேஸ் முடிய எத்தனை வருஷமோ என்று வருத்தத்தோடு சொன்னார். பிறகு பையிலிருந்து டைப் அடித்த காகிதம் ஒன்றும், ஊதா மை டப்பா ஒன்றும் எடுத்து வைத்தார். எங்கள் பிரஸ் மெஷின்களில் கைப் பொத்தான் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்று காகிதத்தில் இருந்தது. எல்லோரும் கையெழுத்தோடு கட்டைவிரல் ரேகையும் வைக்க வேண்டும்.

ஊர் யோசித்தது. அதிக நேரமில்லை, ஒரு டீ ஆறுகிற நேரம். பழனிச்சாமி குழந்தையை நினைத்தான், சரசு தன் இரண்டு விரல்களை நினைத்தாள், எல்லோரும் தத்தம் விரலை நினைத்தார்கள், டைக்குக் கீழே இன்னும் போகாத விரல்களை யாரும் நினைக்கவில்லை. பலகையைச் செய்தவன் முதலில் வைக்கட்டும் என்றார் நஞ்சப்பன். மருதாசலம் வைத்தான். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஊரே சேர்ந்து வைக்கும்போது இது ஊருக்காக வைத்த ரேகை என்று மனசு அவனுக்குச் சமாதானம் சொன்னது. கட்டைவிரல் இல்லாதவர்கள் பலகையில் கை வைத்து விரலை வரவழைத்து, மையில் தோய்த்து, காகிதத்தைப் பொத்தானுக்குப் பக்கத்தில் நகர்த்தி அங்கேயே பதித்தார்கள். அந்தப் பொத்தான்கள் தந்த விரலாலேயே அந்தப் பொத்தான்கள் இருந்ததில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ரங்கநாயகி வைக்கவில்லை. சுவரோரம் நின்று புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். துளசிமணி காகிதத்துக்கு முன்னால் வந்து தயங்கி, அக்காவைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள்.

"வெச்சுரு கண்ணு," என்றான் மருதாசலம். "ஒண்ணும் ஆவாது."

அவன் சொன்னால் அவள் கேட்பாள், சின்ன வயசிலிருந்து அப்படித்தான். வைத்தாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஆபீசர் வந்தார். காகிதத்தைப் படித்தார். பொட்டியின் பலகையில் தன் கையை வைத்துப் பார்த்தார். அவருக்குப் பத்து விரலும் இருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. வீடியோ கேம்தானே என்று சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் கம்பெனியில் நாலாம் நம்பர் மெஷின் நின்றது. மெஷின் நின்றதால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். மருதாசலம் ஸ்குரு டிரைவரோடு ஓடிப்போய்ப் பார்த்தபோது துளசிமணி வலது கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, அவனைப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயிருந்தன.

கட்டுப் பிரித்த அன்று ரங்கநாயகி தங்கையைப் பேக்கரிக்குக் கூட்டி வந்தாள். வரிசை தானாக விலகியது; புதிதாக விரல் போனவர்களுக்கு முதல் முறை என்பது அந்த ஊர் காட்டுகிற பெரிய மரியாதை. செங்கோடன் ஸ்டூல் எடுத்துப் போட்டார். யாரோ ஒரு அம்மாள், பயப்படாதே சாமி, வலிக்காது, வந்துவிடும் என்றாள். துளசிமணி கையைப் பொத்தான்மேல் வைத்தாள். வந்தது. ஆள்காட்டி விரல் வந்தது, கட்டைவிரல் வந்தது, கட்டைவிரலின் நுனியில் ஊதா மை இருந்தது.

போன அன்றைக்கு எப்படியோ அப்படியே என்பதை ஊர் மறந்து போயிருந்தது. திரையில் கப்பல் செத்தது, மறுபடி பிறந்தது. துளசிமணி இடது கையால் மையைத் தேய்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்தாள். முந்தானையால் தேய்த்தாள். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துவிட்டு, எல்லோருமாகப் பப்ஸ் அடுக்கிய கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்கள்.

"அழிய மாட்டேங்குதுங் மாமா," என்றாள் துளசிமணி.

மருதாசலம் தன் கட்டைவிரலைப் பார்த்தான். அதிலிருந்த மை மூன்றாம் நாள் குளிக்கும்போதே போய்விட்டது. இதற்குமேல் தாங்காது என்று அவனுக்குத் தெரிந்தது; அத்தனை பேருக்கு முன்னால், மனைவியின் முகத்தைப் பார்த்து, பன்னிரண்டு பொத்தானையும் கழற்றியது நான்தான் என்றான். மீதி பத்தும் நம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்றான். சொல்லி முடித்ததும் அழுதான்.

ரங்கநாயகி அழவில்லை, கத்தவும் இல்லை.

"அந்தக் கட்டிலுக்கடியில தெனமும் கூட்டுறது நானுங்க," என்றாள். "சாக்கு வந்த மறுநாளே அவுத்துப் பாத்துட்டேன்."

அவள் விரல் போவதற்கு மூன்று மாதம் முன்னால் வந்த சாக்கு அது. மருதாசலம் கணக்குப் பார்த்து, பார்த்ததை நம்ப முடியாமல் நின்றான். "அப்பறம் ஏன் அம்மணி ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்," என்றாள் ரங்கநாயகி. "எங் கை போறப்பவும் இருந்தேன். அன்னைக்கு அந்தாளு மையைத் தொறந்து வெச்சப்பவும் இருந்தேன்."

அவன் இடுப்பில் ஸ்குரு டிரைவர் இருந்தது. நான்கு ஸ்குரு, இரண்டு நிமிஷ வேலை. பலகைப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தான். வரிசை பொட்டியைச் சுற்றி நெருங்கி நின்றது. பழனிச்சாமி குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அவனுக்கு நேர் முன்னால் நின்றான். நேற்றுவரை மருதண்ணா என்று கூப்பிட்டவன் அவன். பத்து விரல்காரங்க தள்ளி நில்லுங்க என்றான்.

துளசிமணி கையை எடுத்தாள். விரலும் மையும் சேர்ந்து போயின. ரங்கநாயகி தன் பாதிக் கையால் தங்கையின் பாதிக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். அதற்கப்புறம் அவள் அந்த மருதாணியைப் பார்க்க வரவில்லை. நாலாம் நம்பருக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்திருப்பதாகச் செங்கோடன் யாரிடமோ சொல்லிக்கொண்டே பாலை ஆற்றினார், பிறகு திரும்பி, அடுத்த ஆள் வாங்க என்றார்.